வாலில் ஒரு கட்டம்

அத்தியாயம் ஒன்பது

மிளகாய் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்றால் எங்கோ பெரிதாக ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். காவல் நிலையத்துப் படியிறங்கி, காரில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டும்வரை அவள் ஒரு சொல் பேசவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்திருந்த தூண்டில் அவளை அவசரப்படுத்தவில்லை. துப்பறியும் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கேள்வியைப் போட்டுவிட்டு, கடிக்கிறவரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே எதிராளி கண்ணில் நீர் வரும்படி பேசியதால் இவளுக்கு மிளகாய் என்று பெயர் விழுந்தது.

"கையெழுத்துப் போடப் போறானாம் பாஸ்," என்றாள் கடைசியில்.

போடப் போகிறவன் அவளுடைய சொந்த அண்ணன். பழப்பெட்டிகள் அடுக்கும் ஒரு குளிர்கிடங்கில் இந்த வாரம் குழாய் கசிந்து அம்மோனியா பரவியது. வாயு வந்தால் ஊரைக் கூட்ட வேண்டிய அலாரம் வாயே திறக்கவில்லை. மூச்சுத் திணறி விழுந்த சுமைதூக்கி ஒருவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. அந்த அலாரத்தின் மூளையாக இருக்கும் பெட்டிக்கு புரோகிராம் எழுதியவன் அண்ணன். விபத்துக்குப் பிறகு திறந்து பார்த்தால், அலாரம் நிறுத்திவைத்த நிலையில் கிடந்தது. அந்தப் பெட்டியில் அலாரத்தைப் போடவும் நிறுத்தவும் வேண்டிய பாஸ்வேர்ட் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இது போதாது என்று, விபத்துக்கு முந்தின நாள்தான் அவன் கிடங்கு மேனேஜரோடு கட்டிடம் அதிரச் சண்டை போட்டிருந்தான். பெட்டிக்கு வரும் நெட்வொர்க் கேபிள் தள்ளுவண்டி ஓடும் பாதையில் கிடக்கிறது, பெட்டியை இடம் மாற்றுங்கள் என்று இவன் கேட்க, அதெல்லாம் ஆகாது என்று அவர் சொல்ல, அப்படியானால் அலாரத்தையே நிறுத்திவிடுகிறேன், நிம்மதியாக இருங்கள் என்று கத்திவிட்டு வந்தான். கேட்ட காதுகள் நிறைய. மறுநாள் காலை அலாரத்தைச் சோதித்துப் பார்க்க அவன் கிடங்குக்குள் போய்வந்ததையும் பார்த்தவர்கள் நிறைய. இன்ஸ்பெக்டருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தூண்டிலிடம் எதிர்வாதமாக இருந்தது ஒன்றே ஒன்று. பாஸ்வேர்ட் போட்டு நிறுத்தினால் நிறுத்தியவர் பெயர் பெட்டியில் பதிய வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது. எழுதினவனுக்கு அழிக்கத் தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் அதையும் துடைத்துப் போட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஐந்து மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவரை ஏதாவது கிடைத்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் லாக்கப்பில் இருந்தவன் அதுவரைகூடத் தாங்குவான் போலத் தெரியவில்லை. தூக்கமில்லாமல் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. நானே நிறுத்தித் தொலைத்தேனோ என்னவோ, எதுவும் ஞாபகமில்லை, எழுதிக் கொண்டுவரச் சொல் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்த ஆள் பிழைப்பாரா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"வாழ்க்கையில முதல் தடவையா பொய் சொல்றான் பாஸ். அதையும் தனக்கு எதிராவே சொல்றான். இவனுக்குப் பொய் சொல்லக்கூட ஒரு ஆள் கூட இருக்கணும்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணிக்கொண்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூண்டில் வண்டியை எடுத்தார். பெட்டியில் கை வைக்கக்கூடிய எல்லாரையும் விசாரித்துவிட்டேன், எல்லாரும் ஒரே பதில்தான், எதையும் யாரும் திருத்தவில்லை என்கிறார்கள் என்றார்.

"அப்ப எல்லாரும் பொய் சொல்றாங்க."

"எல்லாரும் உண்மை சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

அவள் யோசிக்கிற நிலையில் இல்லை. அவளுக்கு வேறொரு ஆள்மேல் விபத்தன்றே சந்தேகம் விழுந்துவிட்டது. அண்ணியின் தம்பி, அதாவது மச்சான். அண்ணன் வேலை செய்யும் அதே கம்பெனியில் பெட்டியின் அடிப்படைப் புரோகிராமான கெர்னலைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். போன மாதம் எல்லாக் கிடங்குகளுக்கும் புதுக் கெர்னல் போட்டவனும் அவன்தான். ஒரு காலத்தில் அவனை மிளகாய்க்குக் கட்டிவைக்க அண்ணி ஆசைப்பட்டாள். கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இரண்டாந்தாரமாகப் போக எனக்கு என்ன தலையெழுத்தா என்று மிளகாய் சொல்லிவிட்டாள். அது அவன் காதுக்கும் போயிற்று. மனசுக்குள் வைத்துக் கறுவிக்கொண்டிருந்து, இப்போது குடும்பத்தையே குப்புறத் தள்ளிவிட்டான் என்பது அவள் கணக்கு.

டயர் கடைக்கு மேல்மாடியில் கம்பெனியின் பட்டறை. மூடி கழற்றிய பெட்டிகள் மேசை முழுக்க மல்லாந்து கிடந்தன. கீழேயிருந்து ரப்பர் நாற்றமும் காற்றடிக்கும் சத்தமும் ஏறி வந்தன. மச்சான் சவரம் செய்து நாளாகியிருந்தது. வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றான். சண்டைக்கு இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு வந்தவளுக்கு அது சங்கடமாகப் போயிற்று.

கெர்னலில் என்ன மாற்றினாய் என்று தூண்டில் நேராகவே கேட்டார்.

"புதுசா ஒரு கட்டம் சேர்த்தேன் சார். இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா வாலில்தான் சேர்த்தேன்."

அவன் சொன்னதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கெர்னல் என்பது பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கிடங்குக்காரன். கேபிள் வழியாக வருவது போவது அத்தனை சரக்கும் அவன் கையில். அண்ணன் எழுதியது போன்ற புரோகிராம்கள் வெளியே ஜன்னலில் நிற்கும் ஆட்கள். உள்ளே நுழைய அவர்களுக்கு வழி கிடையாது. காலி அட்டைப்பெட்டியை நீட்டினால் அவன் நிரப்பித் தருவான். அதில் எத்தனை கட்டம், எதில் எது, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று இரண்டு பக்கத்தாரும் பார்த்து அளக்கிற அச்சுக்கு ஹெட்டர் என்று பெயர். செங்கல் அறுக்கிறவனும் சுவர் எழுப்புகிறவனும் ஒரே அச்சை நம்பித்தான் பிழைக்கிறார்கள். ஒருவன் அச்சு விரல்கடை நீண்டால் சுவர் கோணிக்கொள்ளும்.

"எங்க வேலையில ஒரே கட்டுப்பாடுதான்," என்றான் மச்சான். "வெளியில நிக்கிறவன் பிழைப்புல கை வைக்கக் கூடாது. ஒரு தடவை கொடுத்த கட்டத்தை நகர்த்தக் கூடாது, அகலமாக்கக் கூடாது. புதுசா வேணும்னா வாலில் சேர்க்கலாம். ஜன்னல்ல நிக்கிறவன் தன் பெட்டி எவ்வளவு நீளம்னு சொல்லணும். அவ்வளவுதான் நிரப்புவேன். பழைய ஆள் பழைய பெட்டியோட வந்தா, புதுக் கட்டத்தைத் தரவே மாட்டேன்."

"ஆக, வாலை ஆட்டினது நீங்கதான்னு ஒத்துக்கறீங்க," என்றாள் மிளகாய்.

அவன் அலமாரியைத் திறந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் முதன்முதலில் செய்துகொடுத்த புரோகிராம் அங்கே ஒரு தட்டில் அப்படியே இருந்தது. அதை எடுத்துப் புதுக் கெர்னல் போட்ட பெட்டியில் ஏற்றினான். அலாரத்தைப் போட்டுவிட்டு, கண்ணாடி துடைக்கிற திரவத்தில் துணியை நனைத்து சென்சார் முன்னால் பிடித்தான். அதிலும் கொஞ்சம் அம்மோனியா உண்டு. அடுத்த நொடி அலறிய அலறலில் கீழே டயர்கடைக்காரர் தெருவுக்கு ஓடிவந்துவிட்டார்.

மிளகாய் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். சத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. கெர்னல்மேல் குற்றமில்லை. அண்ணன் எழுதிய மூல எழுத்தை, அன்றைக்கு எழுதியதையும் இன்றைக்கு இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மச்சான் ஒப்பிட்டுக் காட்டினான். ஒரு புள்ளி மாறவில்லை. எல்லாரும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள் என்றால், மிச்சமிருக்கிற கெட்டவன் லாக்கப்பில் இருக்கிறவன்தான்.

"கேஸை நாமளே முடிச்சுக் கொடுத்துட்டோம் பாஸ்," என்றாள். குரல் தேய்ந்து போயிருந்தது. "இன்ஸ்பெக்டருக்கு ஒரு மாலையும் வாங்கிட்டுப் போயிடலாம்."

தூண்டில் எழுந்தார். மச்சானையும் கூட வரச் சொன்னார். வண்டி நேராகக் குளிர்கிடங்குக்குப் போயிற்று.

விபத்துக்குப் பிறகு உள்ளே வேலை நிறுத்தியிருந்தார்கள். வெளித்தாழ்வாரத்தில் மட்டும் ஒரு பெண் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். விழுந்த சுமைதூக்கியோடு பல வருடம் வேலை பார்த்தவர். அலாரத்தை யார் நிறுத்தியது என்றுதான் இதுவரை எல்லாரும் அவரைக் கேட்டிருந்தார்கள். தெரியாது என்று அவரும் சொல்லி அலுத்திருந்தார். தூண்டில் அதைக் கேட்கவில்லை. பெட்டியில் அலாரம் ஓடும்போது எரிகிற பச்சை விளக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அதற்கப்புறம் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, ஒரு பழத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தார். காலையில் விளக்கு எரிந்தது, கண்ணால் பார்த்தேன் என்றார். பிறகு வண்டி ஒன்று கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. விழுந்தாரே, அவர்தான் அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகினார். யாராவது தடுக்கி விழப் போகிறார்கள் என்று ஓரமாக ஒதுக்கியும் விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது விளக்கு இல்லை. நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன் என்று சொன்னவர், கையிலிருந்த பழத்தை எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

தூண்டில் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து சேர்ந்தார். கோர்ட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் என்ன விளையாட்டு என்று கேட்டபடியே பெட்டிக்குப் போட்டிருந்த போலீஸ் முத்திரையை உடைத்தார். அலாரத்தைப் போட பாஸ்வேர்ட் வேண்டும். நிலையத்துக்குப் போன் போட்டு, லாக்கப்பில் இருந்தவனிடம் கேட்டு, ஏட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, மச்சான் தட்டினான். சொல்லி முடித்ததும் ஏட்டு இருமினார்.

"என்னய்யா வார்த்தை இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேனேஜரைப் பத்தி எங்க அண்ணனோட அபிப்பிராயம் சார்," என்றாள் மிளகாய். "கோர்ட்ல சத்தமா படிச்சுடாதீங்க."

பச்சை விளக்கு எரிந்தது. தூண்டில் எல்லாரையும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். மச்சானைக் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், கேபிளை நீங்களே பிடுங்கிச் செருகுங்கள் என்றார்.

பிடுங்கினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. செருகினார். கேபிள் முனை 'டக்'கென்று உட்கார்ந்தது.

விளக்கு அணைந்தது.

"சார், அலாரத்தை நிறுத்தினவர் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார் தூண்டில்.

"என் லாக்கப்ல."

"அப்ப இதை நிறுத்தினது யாரு?"

இன்ஸ்பெக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"கைவிலங்கு இருக்கா சார், இல்ல நாங்க வாங்கிட்டு வரணுமா?" என்றாள் மிளகாய். அவளுக்கே தெரியாமல் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பெயர் எழுதும் இடத்தைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கிளம்ப வேண்டிய வண்டியை நிறுத்திவைக்கச் சொல்வதற்காக வெளியே போனார்.

மச்சான் பழப்பெட்டிமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். தூண்டில் அவனருகே குனிந்தார்.

"யாரும் திருத்தலை, சரி. புதுசா கட்டினது யாரு?"

அவன் நிமிர்ந்தான். புதுக் கெர்னல் போடும்போது எல்லாப் புரோகிராமையும் திரும்பக் கம்பைல் பண்ணுவது வழக்கம். அதே எழுத்திலிருந்து புதிதாகக் கட்டி ஏற்றுவோம், அதைப் போய் மாற்றம் என்று யார் சொல்வார்கள் என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிற்று. பட்டறையில் ஓட்டிக் காட்டியது அன்றைக்குக் கட்டியது. இந்தப் பெட்டியில் இருப்பது போன மாதம் கட்டியது. எழுத்து ஒன்றுதான். கட்டும்போது பிடித்த அச்சு வேறு.

விரல்கள் வேகமாக ஓடின. ஓரிடத்தில் நின்றன.

அண்ணனின் புரோகிராம் இரண்டு பாதியாக இருந்தது. நெட்வொர்க்கோடு பேசுகிற பாதி, கெர்னலின் ஹெட்டரைப் பார்த்து அட்டைப்பெட்டியை அளந்தது. அலாரத்தைக் கவனிக்கிற பாதி, அதே பெட்டியை வேறொரு கோப்பைப் பார்த்து அளந்தது. அந்தக் கோப்பு கெர்னலுடையது அல்ல. அண்ணன் தன் கைப்பட எடுத்து வைத்துக்கொண்ட நகல்.

மிளகாய்க்கு ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். கெர்னல் ஒரு ஹெட்டர் வைத்திருக்கிறது, புரோகிராம்களுக்குப் பொதுக் கருவிப்பெட்டியான சி லைப்ரரி ஒரு ஹெட்டர் வைத்திருக்கிறது, இரண்டிலும் ஒரே பெயர். இரண்டையும் ஒரு கோப்பில் கூப்பிட்டால் ஒரே சொத்துக்கு இரண்டு வாரிசு வந்த மாதிரி கம்பைலர் கதவைச் சாத்திவிடுகிறது என்று புலம்பினான். அப்படியென்றால் ஒருத்தனைக் கூப்பிடாதே, அவன் போட்டோவை மட்டும் மாட்டிக்கொள் என்று இவள்தான் கிண்டல் செய்தாள். அவன் அதையேதான் செய்திருக்கிறான்.

ஆள் வளர்ந்தான். போட்டோ வளரவில்லை. அன்றைக்கு இரண்டும் ஒரே அளவு. போன மாதம் திரும்பக் கட்டியபோது ஒரு பாதி நீண்ட அச்சில் அளந்தது, மறு பாதி பழைய அச்சில் இடம் ஒதுக்கியது. வாலில் சேர்ந்த கட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. நீளத்தைக் கூட்டிச் சொன்னதால் கெர்னலும் நம்பி நிரப்பிக் கொடுத்தது. அது பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது. பக்கத்து வீட்டில் இருந்தது அலாரத்தின் சுவிட்ச். வாலில் சேர்ந்ததோ, கேபிளில் எத்தனை தகவல் தவறிற்று என்று எண்ணுகிற கட்டம். ஒன்றும் தவறவில்லை, ஆகவே பூஜ்யம். சுவிட்சுக்குப் பூஜ்யம் என்றால் நிறுத்தம். கேபிளைச் செருகுகிற ஒவ்வொரு தடவையும் புரோகிராம் அட்டைப்பெட்டியை நீட்டும், அந்தப் பூஜ்யம் வந்து விழும்.

ஆக, கேபிளை ஒழுங்காகச் செருகிய நல்ல மனிதர், தன் மூச்சுக்கான விளக்கைத் தன் கையாலேயே அணைத்திருக்கிறார். அதற்கு வழி வைத்தது அண்ணனின் நகல்.

மச்சான் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். இன்ஸ்பெக்டர் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவர் கண்ணுக்கு இது மிஷின் கோளாறு. அதோட விட்டுடுவார்," என்றான் மெதுவாக. "நகலைத் தூக்கிட்டு, ரெண்டு பாதியையும் சரிபண்ணி எல்லாக் கிடங்குக்கும் அனுப்பிடறேன். நாளைக்குள்ள முடிச்சிடலாம். யாருக்கும் தெரியாது. எங்க அக்கா வீட்டுல அடுப்பு எரியணும்."

கேள்வி விழுந்துவிட்டது; தூண்டில் பக்கத்துப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் மிளகாய்க்கு அவர்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

நாளைக்குள் என்றால் இன்றைக்கு? இதே பெட்டி மாட்டிய மற்றக் கிடங்குகளில் இந்த நிமிஷம் ஆட்கள் வண்டி தள்ளிக்கொண்டிருப்பார்கள். எந்தச் சக்கரம் எந்தக் கேபிளை இழுத்துவிட்டதோ, எந்த நல்லவர் குனிந்து எடுத்துச் செருகுகிறாரோ. தாழ்வாரத்தில் அந்த அம்மா மடியிலிருந்த பழத்தை இன்னும் எந்தக் கூடையிலும் போடவில்லை.

மிளகாய் வாசலுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் போனை வைக்கும்வரை காத்து நின்றாள். பேசுவதற்கு முன்னால் யோசித்தது அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"எல்லாக் கிடங்குலயும் ஆளுங்களை வெளியில வரச் சொல்லுங்க சார், இப்பவே. அப்புறம் எழுதிக்கங்க. அலாரத்தை எங்க அண்ணன் நிறுத்தலை. ஆனா அது தானா நின்னு போறதுக்குக் காரணம் அவன் எடுத்த நகல்தான். மறைக்கிறதுக்கு எதுவும் இல்லை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வரிசையாகக் கிடங்குகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். வேண்டுமென்றே செய்த குற்றம் போய்விட்டது, இனி அது கவனக்குறைவுதான், ஆனால் வேலை மிஞ்சாது, கேஸும் லேசில் முடியாது என்று நடுவில் சொன்னார். தெரியும் என்றாள். நிலையத்துக்குப் பேசியபோது போனை அவளிடமே கொடுத்துவிட்டார். மறுமுனையில் ஏட்டு அண்ணனைக் கம்பிக்கருகே கூட்டிவரும் சத்தம் கேட்டது.

"விளக்கு எரியுதா?" அதைத்தான் முதலில் கேட்டான்.

"எரிஞ்சுது. கேபிளைச் செருகினதும் அணைஞ்சிடுச்சுண்ணா. ஏன்னும் தெரிஞ்சுடுச்சு."

சொன்னாள். போட்டோ என்ற வார்த்தை வந்ததும் அவன் மூச்சு நின்று வந்தது. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீதியை அவனே முடித்துக்கொண்டான். ஏட்டு யாரையோ நாற்காலி போடச் சொல்வது கேட்டது.

"இவங்க எழுதி வச்சிருக்காங்களே ஒரு காகிதம்," என்றான் அண்ணன். "அதைக் கிழிச்சுடச் சொல்லு. வேற எழுதச் சொல்லு, உள்ளதை அப்படியே. அதுல போடறேன் கையெழுத்து."

"நான் வர்ற வரைக்கும் போடாதே," என்றாள் மிளகாய். "போட்டோ யோசனை என்னோடது. எனக்கும் ஒரு ஓரத்துல இடம் விடச் சொல்லு."